காற்றடைத்த வானம்

வாசல்

“குனிங்க தலைவரே, இன்னும் குனிங்க, வானம் இடிச்சிடப் போவுது” என்று தாஸ் அண்ணன் வெளியிலிருந்து கத்த, பஞ்சாயத்துத் தலைவர் மண்டியிட்டுத் தவழ்ந்து உள்ளே வந்தார். வெள்ளை வேட்டியில் முழங்கால் வரை செம்மண். எங்கள் தொழிலில் யாராக இருந்தாலும் முதலில் தலைதான் தெரியும். கறுப்புத் துணிக் கூடாரம். ப்ளோயர் ஊதும் காற்றில்தான் நிற்கிறது. உள்ளே ஐம்பது பேர் தரையில் உட்கார்ந்தால் தலைக்கு மேல் விண்மீன்கள், ராக்கெட், நிலா எல்லாம் காட்டுவோம். உத்திரமேரூரைச் சுற்றிய ஊர்களில் காலையில் பள்ளிப் பிள்ளைகள், சாயங்காலம் ஊர்க்காரர்கள். வண்டியும் ப்ளோயரும் தாஸ் அண்ணன் பொறுப்பு. விளக்கம் சொல்வது நான்.

சொல்வதில் ஒரு வார்த்தையும் என்னுடையது அல்ல. எங்களை அனுப்பும் அறக்கட்டளை அச்சடித்துத் தந்ததை எழுத்து மாறாமல் வாசிக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. பிறர் எழுதியதை வாசித்துப் பிழைப்பவராக நீங்களும் இருந்தால், மேற்கொண்டு நான் விளக்க வேண்டியதில்லை. தலைவர் முழுக் காட்சியையும் பார்த்தார். திரும்பவும் தவழ்ந்து வெளியேறும்போது சொன்னார்:

“இவ்ளோ பெரிய வானத்துக்கு வாசப்படிய மட்டும் நாய் பூர்ற அளவுக்கு வெச்சிகீறீங்களே!”

இறக்குவது

உரையில் “மென்தரையிறக்கம்” என்று ஒரு சொல் வரும். அதைத் தொடர்ந்து நான்கு வரிக்கு உந்துவிசையும் திசைவேகமும். சரியாக அந்த நான்கு வரிகளில் கூட்டம் கொட்டாவி விடும். ஒருநாள் முன்வரிசையில் முனியம்மா இருந்தார். நூறு நாள் வேலை முடித்துத் தோழிகளோடு நேராக வந்திருந்தார். “அத்தினி தூரம் போனாங்களே, அதுக்கு பயப்படல. எறங்கறதுக்கு இன்னாத்துக்கு இப்பிடி நடுங்கறாங்க?” என்று கேட்டார். கீழே பிடிக்க ஆள் கிடையாது, அதுவாகவே மெல்ல இறங்கிக்கொள்ள வேண்டும் என்றேன்.

முனியம்மா தலையாட்டினார். அடுத்த காட்சியிலிருந்து அந்த நான்கு வரிகளை விட்டுவிட்டு அவர் சொன்னதைத்தான் சொல்லிவருகிறேன்:

“அப்பிடிச் சொல்லு டீச்சர். நெல்லுக் கட்ட தூக்கி வுட ரெண்டு பேரு ஓடியாருவாங்க. களத்துல எறக்க ஒரு கை வராது. ஒண்டியா எறக்கனவளுக்குத்தான் தெரியும் அந்தப் பேஜாரு.”

கொடி

ராக்கெட் கிளம்பும் வரை தரையிலிருந்து அதற்கு மின்சாரமும் குளிர்காற்றும் வடங்கள் வழியாகப் போகும். உரையில் அது “தரைவழி இணைப்பு வடம்”. பொறியாளர்கள் அதைத் தொப்புள்கொடி என்றே சொல்கிறார்கள் என்று எங்கோ படித்திருந்தேன். ஒருநாள் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். இருட்டில் ஒரு குரல், “கொஞ்சம் நிறுத்துங்க” என்றது. கிராம செவிலியர் ஸ்டெல்லா சிஸ்டர். அந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் அவர் கையில் பிறந்தவர்கள்.

“கடைசி வரைக்கும் அது வழியாத்தான் ஆகாரமா?”

“ஆமா சிஸ்டர்.”

“அறுத்ததும்?”

“அப்புறம் அது பாடு.”

நான் படத்தை ஓடவிட்டேன். வடங்கள் கழன்று விழுந்தன. கூடாரம் அதிர ராக்கெட் முழங்கியது. சிஸ்டர் காதைப் பொத்தவில்லை. கவனமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

“நல்லா சத்தமா அழுவுது. பயப்பட ஒண்ணுமில்ல.”

கடிதம்

யாரோ அறக்கட்டளைக்கு எழுதிப் போட்டுவிட்டார்கள். விளக்கவுரையில் நெற்கட்டு, பிரசவம் முதலியவை இடம்பெறுவதாக அறிகிறோம், ஆய்வாளர் நேரில் வருவார், அவர் அறிக்கையைப் பொறுத்தே அடுத்த ஆண்டு ஒப்பந்தம் என்று கடிதம் வந்தது. இருட்டில் உட்கார்ந்து ஐம்பது பேரோடு பேசுவதைத் தவிர எனக்கு வேறு வேலை தெரியாது. அதற்கு எங்கும் விண்ணப்பிக்கவும் முடியாது. தாஸ் அண்ணன் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

“ஒரே ஒரு நாளிக்கு அவங்க பேப்பர அப்பிடியே படிச்சிடு மேடம். நட்சத்திரம் எங்கியும் ஓடிப்பூடாது.”

மறைவு

அன்று காட்சி மறுபடியும் முனியம்மாவின் ஊரில். ஆய்வாளர் கடைசி வரிசையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். ஒரு கையில் உரையின் நகல், மறு கையில் பேனா டார்ச். நான் ஒரு வரி வாசித்தால் அவர் ஒரு வரியில் குறியிட்டார். உந்துவிசை வந்தது, திசைவேகம் வந்தது, கொட்டாவிகளும் வந்தன. “டீச்சருக்கு ஒடம்பு சரியில்லியா?” என்று முனியம்மா பக்கத்திலிருந்தவளிடம் கேட்டது என் காதில் விழுந்தது.

விண்கலம் நிலவின் மறுபுறம் செல்லும் கட்டம். “சமிக்ஞை இழப்பு” என்று வாசித்தேன். மின்சாரம் போய்விட்டது.

ப்ளோயர் நின்றால் எங்கள் வானம் மெதுவாகக் கீழே வரும். ஐம்பது பேரும் ஒரே நேரத்தில் அந்தச் சின்ன வாசலுக்குப் பாய்ந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அதற்கான வரி உரையில் இல்லை. காகிதத்தை மடித்தேன்.

“யாரும் நகராதீங்க. கலம் நிலாவுக்குப் பின்னாடி போயிருக்கு. இப்ப கூப்பிட்டாலும் அதுக்குக் கேக்காது. எத்தனை மணிக்கு வரும்னு பூமியில காத்திருக்கறவங்களுக்குத் தெரியும். ஆனாலும் வர்ற வரைக்கும் யாரும் எழுந்து போக மாட்டாங்க.”

துணி தலைமுடியைத் தொட்டது. பிறகு முனியம்மாவின் குரல்: “கைய மேல தூக்குங்கடீ. மூஞ்சி மேல வுழாம புடிங்க.”

இருட்டில் வளையல்கள் குலுங்கின. வெக்கை ஏறிற்று. ஒரு குழந்தை சிணுங்க, யாரோ “தோ வந்துடும், தோ வந்துடும்” என்று தட்டிக்கொடுத்தார்கள். வெளியே தாஸ் அண்ணன் ஜெனரேட்டர் கயிற்றை இழுக்கும் சத்தம். ஒரு இழுப்பு, இரண்டு, ஐந்து. கடைசியில் உறுமிக்கொண்டு எழுந்தது. உள்ளங்கைகளைவிட்டுத் துணி மேலே போயிற்று.

“வந்துடுச்சா?” என்று கடைசி வரிசையிலிருந்து ஆய்வாளர் கேட்டார்.

“வந்துக்கினே கீது சார்” என்றார் முனியம்மா.

கூட்டம் கலைந்ததும் ஆய்வாளர் கூடாரத்தை ஒட்டி நின்று, அட்டையை முழங்கையில் அணைத்தபடி அறிக்கையை நிரப்பினார். உரை பற்றிய கட்டத்தில் “கூடாரம் உறுதியாக உள்ளது. உரை தொடரலாம்” என்று எழுதினார். எந்த உரை என்று அவர் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. தாஸ் அண்ணன் சாமான் கட்டுவதற்காக ப்ளோயரை நிறுத்தினார். துணி தளர்ந்து ஆய்வாளர் பக்கமாக இறங்கத் தொடங்கியது. அவர் வலக்கையால் கையெழுத்திட்டுக்கொண்டே இடக்கையை உயர்த்தி அதைத் தாங்கிப் பிடித்தார்.