பன்னிரண்டு நொடிக்கு ஓர் இடி

"எந்தக் காலத்துலயும், எந்தக் கொம்பன் வந்து கேட்டாலும், பின்னணி இசைக்குன்னு ஒரு சல்லிக்காசு என் பையை விட்டுப் போகாது. போச்சுன்னா, அன்னிக்கோட இந்தத் தொழிலுக்கு ஒரு பெரிய கும்பிடு!"

வீடியோ, புகைப்படக் கலைஞர்கள் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில், மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இப்படி முழங்கியவர் நம் இடி மாஸ்டர். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. பொருளாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டதாகச் சொல்கிறார்கள். அவருக்குக் கண்ணில் நீர் வடியும் கோளாறு உண்டு என்பதையும் நேர்மையோடு இங்கே பதிவு செய்கிறேன்.

மாஸ்டர் வீடியோ எடிட்டர். ஒரு பல் டாக்டரின் கிளினிக்குக்கு நேர் மேலே, ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடிய ஓர் அறை, இரண்டு திரை, ஒரு கால் ஆடும் சுழல் நாற்காலி. இதுதான் சாம்ராஜ்யம். பதின்மூன்று வருஷமாகக் கல்யாணம், கடைத் திறப்பு, குழந்தையின் முதல் பிறந்தநாள் என்று ஊரின் சந்தோஷமெல்லாம் அந்த அறைக்குள் போய் வெட்டுப்பட்டுத்தான் வெளியே வந்திருக்கிறது.

இடி என்ற பட்டம் எப்படி வந்தது என்பதைச் சொல்லாவிட்டால் வரலாறு மன்னிக்காது.

இசை விற்கும் இணையதளங்களில் வாங்குவதற்கு முன் கேட்டுப் பார்க்க மாதிரி வைத்திருப்பார்கள். அதை அப்படியே சுருட்டிவிடக்கூடாதே என்பதற்காக, பன்னிரண்டு நொடிக்கு ஒரு தடவை ஒரு பெண் குறுக்கே வந்து, தேன் குழைத்த குரலில் அந்தக் கம்பெனியின் பெயரைச் சொல்லிவிட்டுப் போவாள். காசு கட்டினால் அவள் இல்லாத இசை வரும். உலகம் முழுக்க எடிட்டர்கள் காசு கட்டினார்கள். நம் மாஸ்டர் யோசித்தார். அந்தம்மா வாயைத் திறக்கும் நொடியில் அதைவிடப் பெரிய சத்தம் ஒன்று வந்துவிட்டால்?

இடி விழுந்தது. மணப்பெண் படியிறங்கி வரும்போது ஒன்று. மோதிரம் மாற்றும்போது ஒன்று. குழந்தை கேக் வெட்டும்போது, இடி கொஞ்சம் அதிகப்படி என்று கருதி, கண்ணாடி உடையும் சத்தம். துணிக்கடைத் திறப்புக்குப் பீரங்கி. காதல் காட்சிகளுக்குக் குதிரைக் கனைப்பு. எல்லாம் பன்னிரண்டு நொடி தவறாமல்.

சனங்கள் இதை ஸ்டைல் என்று புரிந்துகொண்டதுதான் மாஸ்டரின் ஜாதக பலம். "என்ன ஒரு அழுத்தம்!" என்றார்கள். ஒரு பெண்ணின் அப்பா நேரில் வந்து கையைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, சரியா எங்க சம்பந்தி நுழையிறப்ப இடி போட்டீங்களே, எப்படித் தெரிஞ்சுது? நாங்க யார்கிட்டயும் சொல்லலியே!"

கீழே பல் டாக்டருக்கு மட்டும் இந்தக் கலை பிடிபடவில்லை. வாரத்துக்கு இரண்டு தடவை கையுறையோடு படியேறி வருவார். "மாஸ்டர், ஊசி போடற நேரத்துல இடிச்சா பேஷன்ட் என் விரலைக் கடிக்கிறாங்க." மாஸ்டர் பெருந்தன்மையோடு ஒலியைக் குறைப்பார். டாக்டர் படியிறங்கியதும் கூட்டுவார்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பொற்காலத்தின் நடுவில் மாஸ்டரின் அக்கா வந்து சேர்ந்தாள்.

அக்கா கணக்கு டீச்சர். முப்பத்திமூன்று வருஷம் பரீட்சை அறையில் நடந்து நடந்து, காப்பியடிக்கிறவனை அவன் மூச்சு விடுகிற விதத்திலேயே கண்டுபிடிக்கும் சித்தி பெற்றவள். வெள்ளிக்கிழமை ஓய்வு பெறுகிறாள். பள்ளிக்கூட மண்டபத்தில் பிரிவு விழா. அதில் போட ஒரு பத்து நிமிஷப் படம் வேண்டும்.

கூடவே மாமா. அக்காவின் கணவர். வாடகைக் கார் ஓட்டியவர். மூன்று வருஷத்துக்கு முன் தொண்டையில் ஓர் ஆபரேஷன் ஆகி, உயிரைக் கொடுத்துவிட்டுக் குரலை எடுத்துக்கொண்டார்கள். அதிலிருந்து சட்டைப் பையில் ஒரு குட்டி நோட்டும் பேனாவும். பேசிய காலத்தில் மாமா சாது. எழுத ஆரம்பித்த பிறகுதான் அவருக்குள் எவ்வளவு விஷமம் பூட்டிக் கிடந்தது என்று குடும்பத்துக்குத் தெரிந்தது.

அக்கா செல்போனை நீட்டினாள். "டேய், இதுல ஒரே ஒரு மெசேஜ் இருக்கு. ஆபரேஷனுக்கு முன்னாடி அனுப்பினது. மாமா பேசினதுல மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான். படத்தோட கடைசில இது வரணும்."

மாஸ்டர் அதை ஓட்டிக் கேட்டார். கார் இன்ஜின் உறுமலுக்கு நடுவே மாமாவின் குரல் வந்தது. "மழை வரும்போல இருக்கு. நனைஞ்சுக்கிட்டே நடந்து வராத. ஸ்கூல் கேட்லயே நில்லு, வண்டியைத் திருப்பிக்கிட்டு வரேன். போர்டைத் துடைச்சிட்டுத்தான் வருவேன்னு உள்ளயே நிக்காத. அது நாளைக்கும் அங்கதான் இருக்கும்."

இருபத்திமூன்று நொடி.

மாமா சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா மாஸ்டர் பக்கம் திரும்பினாள். "இன்ஜின் சத்தம் தெரியாம இருக்க அடியில லேசா ஏதாவது இசை போடு."

மாஸ்டர் வரிசையாக ஓட்டிக் காட்டினார். ஒன்பதாவதில் அக்கா கையைத் தூக்கினாள். ஒற்றை வயலின். "இதுதான். இதேதான்." சொல்லி வாய் மூடுவதற்குள் தேன் குழைத்த குரல் வந்து கம்பெனி பெயரைச் சொன்னது.

"யாருடா அது?"

"அது... மாதிரிக்கு வர்றது, அக்கா. முழுசா ஏத்தினா போயிடும்."

"காசு கட்டித்தானே எடுக்கறே?"

"என்னக்கா இப்படிக் கேட்டுட்டே!"

அக்கா அவர் மூச்சைக் கவனித்தாள். "இது என்னோட விழா. அங்க உக்காந்திருக்கறவங்கள்ல பாதிப் பேரு காப்பியடிக்கறப்ப நான் பிடிச்ச பசங்க. அதை மனசுல வெச்சுக்கோ. அப்புறம், மாமா பேசற இடத்துல இடி கிடி விழுந்துச்சு, உன்னை மண்டபத்துக்கு வெளிய முட்டி போட வெப்பேன். வயசெல்லாம் பாக்க மாட்டேன்."

மாமா எழுதி நீட்டினார். "என் குரலுக்கு நடுவுல இன்னொரு பொம்பளைக் குரல். அக்கா விடுவாளா?"

அடுத்த மூன்று நாள் அந்த அறையில் நடந்தது ஒரு மாபெரும் யுத்தம். இருபத்திமூன்று நொடிக்குள் பன்னிரண்டு நொடிக்காரி எப்படி நகர்த்தினாலும் ஒரு தடவையாவது தலைகாட்டினாள். 'நனைஞ்சுக்கிட்டே' என்ற சொல்லுக்கு மேல் வந்தாள். தள்ளினால் 'நாளைக்கும்' என்பதன் மேல் உட்கார்ந்தாள். அவள் இல்லாத பதினொரு நொடியை வெட்டித் திருப்பி ஒட்டிப் பார்த்தார். வயலின் நொண்டியடித்தது. மழைதானே, இடி பொருத்தம்தானே என்று ஒரு சின்ன இடியை வைத்தார். மாமாவின் குரல் பாதியில் அறுந்தது. வைத்தவரே பதறிப்போய் எடுத்துவிட்டார். பதின்மூன்று வருஷத்தில் அவர் ஓர் இடியை வாபஸ் வாங்கியது அதுதான் முதல் தடவை.

பிறகு நிஜமாகவே இலவசமாகக் கொடுக்கும் தளங்களுக்குப் படையெடுத்தார். இசையமைத்தவர் பெயரைப் போட்டால் போதும், காசு வேண்டாம் என்கிற நல்ல மனுஷர்களும் உலகில் இருக்கிறார்கள். ஆனால் இலவசம் என்றால் எல்லோரும்தானே எடுப்பார்கள்? ஒன்று, கரப்பான்பூச்சி மருந்து விளம்பரத்தில் வருவது. இன்னொன்று, வங்கிக்குப் போன் செய்தால் காத்திருக்கச் சொல்லிப் போடுவது. மூன்றாவதை நன்றாக இருக்கிறதென்று மாமாவுக்கு அனுப்பினார். மாமாவின் பதில் உடனே வந்தது. "பல் கூசுது." கீழே டாக்டரின் காத்திருப்பு அறையில் நாளெல்லாம் ஓடுவது அதுதான். மாமா அங்கே இரண்டு கடைவாய்ப் பல்லைப் பறிகொடுத்தவர்.

வியாழக்கிழமை மத்தியானம் மாஸ்டரின் மனைவி சாப்பாட்டுப் பாத்திரத்தோடு வந்தாள். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை. பொடி எழுத்து நிபந்தனைகளைப் பிறர் தினத்தாள் படிப்பதுபோலப் படிக்கிறவள். திரையில் அந்த வயலின் பக்கம் திறந்திருந்தது. குனிந்து படித்தாள்.

"ராயல்டி ஃப்ரீன்னு போட்டிருக்கே, அப்புறம் ஏன் காசு கேக்கறான், திருடன்?" என்றார் மாஸ்டர்.

"இனாம்னு அர்த்தம் இல்லைங்க. ஒரு தடவை கட்டிட்டா, அந்தப் படத்தை எத்தனை தடவை போட்டாலும் திரும்பக் கட்ட வேண்டாம். அவ்வளவுதான். கீழ எழுதியிருக்கே, படிக்கலியா?"

"அதையெல்லாம் எவன் படிப்பான்?"

"வித்தவன் படிப்பான்." இன்னும் கொஞ்சம் கீழே போனாள். "ரெண்டு சினிமா டிக்கெட் விலைங்க இது! இதுக்கா மூணு நாளா சவரம் பண்ணாம உக்காந்திருக்கீங்க?"

"விலை இல்லடி பிரச்சினை. கொள்கை! சங்கத்துல மைக்கைப் பிடிச்சுப் பேசியிருக்கேன். மினிட்ஸ் புத்தகத்துல ஏறியிருக்கு."

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. நாளைக்கு மண்டபத்துல மினிட்ஸ் புத்தகத்தைப் படிச்சுக் காட்டுங்க." பாத்திரத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மாஸ்டர் கதவைத் தாழிட்டார். மாமாவின் குரலை இன்னொரு தடவை ஓட்டினார். 'வண்டியைத் திருப்பிக்கிட்டு வரேன்' என்ற இடத்தில் அந்தம்மா வந்து கம்பெனி பெயரைச் சொன்னாள். நிறுத்தினார். மறுபடி ஓட்டினார். மறுபடி வந்தாள். அன்று சாயங்காலம் வரைக்கும் மேலிருந்து ஒரு சத்தமும் கேட்கவில்லை என்றும், உடம்புக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று படியேறி வந்து கதவைத் தட்டலாமா என யோசித்ததாகவும் பல் டாக்டர் பிற்பாடு சொன்னார்.

வெள்ளிக்கிழமை. மண்டபம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் அக்கா, மாமா, மாஸ்டர். பின்வரிசையில் சங்கத்துப் போட்டோகிராபர். பள்ளிக்கூடம் அவரைப் படமெடுக்க அழைத்திருந்தது.

படம் ஓடியது. முதல் ஒன்பது நிமிஷமும் மாணவர்கள் பேசினார்கள், புகைப்படங்கள் வந்தன. எங்கும் இடியில்லை. மாஸ்டரின் வேலை தெரிந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு திரையில் அக்கா வகுப்பறைப் பலகையைத் துடைக்கும் பழைய படம் ஒன்று வந்தது. வயலின் தொடங்கியது. "மழை வரும்போல இருக்கு" என்றது மாமாவின் குரல்.

மாஸ்டர் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் எண்ணினார். பத்து. பதினொன்று. பன்னிரண்டு.

யாரும் வரவில்லை. வயலினும் மாமாவும் மட்டும் கடைசி நொடி வரை போனார்கள். பலகை நாளைக்கும் அங்கேயேதான் இருக்கும் என்று சொல்லிவிட்டு மாமா நின்றபோது, அக்கா புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டிருந்தாள். காப்பியடித்துப் பிடிபட்ட பெரிய பெரிய மனிதர்களெல்லாம் கைக்குட்டையைத் தேடினார்கள்.

விளக்கு போட்டதும் போட்டோகிராபர் முன்னால் வந்து மாஸ்டரின் தோளை இடித்தார். "என்ன மாஸ்டர், இடியைக் காணோம்? வயலின் பிரமாதம். எங்க புடிச்சீங்க? இனாம்தானே?"

"பின்னே? சங்கத்துல சொன்னது மறந்துபோச்சா?" என்றார் மாஸ்டர், மண்டபத்துக்கே கேட்கும்படி. "சல்லிக்காசு போகலை!"

போட்டோகிராபர் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்தார். அக்காவைச் சுற்றிக் கூட்டம் மொய்த்தது. மாமா நோட்டைத் திறந்து ஒரு வரி எழுதி மாஸ்டரின் மடியில் வைத்தார்.

"அந்தம்மா எங்க?"

மாஸ்டர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். பேனாவை வாங்கி, உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, பொடி எழுத்தில் அடியில் எழுதினார்.

"காசு கொடுத்து அனுப்பிட்டேன். யார்கிட்டயும் சொல்லாதீங்க மாமா."

மாமா படித்தார். சிரிப்பில் தோள் குலுங்கியது. பிறகு அந்தத் தாளை ஓரம் பிசகாமல் கிழித்து, நாலாக மடித்து, சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.