பாதியில் இறங்கிய கை

எங்கள் அப்பா நம்மைப் பிரிந்து இந்த மாதத்தோடு ஓர் ஆண்டு ஆகிறது. நினைவுக் கூட்டத்துக்கு வந்து இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர்களுக்கும் சபையாருக்கும் மகளாகிய நான் இதை எழுதுகிறேன். அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதனால் இதை எழுதுவது என் கடமை, என் பெருமையும்கூட. ஆனால் எழுத வேண்டியதெல்லாம் நான் பெருமைப்படக் கூடியவை அல்ல.

அப்பா பிறந்தது திருவதிகைப் பக்கம், முந்திரிக் காட்டில் கூலி வேலை செய்த குடும்பத்தில். சிறு வயதிலேயே கடலூர் முதுநகருக்கு வந்து, ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் மூட்டை தூக்க ஆரம்பித்தார். முதுகு வளைந்த பிறகும் அதே வேலைதான். என்னை அண்ணாமலை நகர் விடுதியில் சேர்த்த அன்று, ஆட்டோக்கள் வரிசையாக நின்றும், சிதம்பரம் ஸ்டேஷனிலிருந்து என் பெட்டியைத் தலையிலேயே கொண்டுவந்தார். விண்ணப்பத்தில் தகப்பனார் தொழில் என்ற இடத்தில் நான் தயங்கியபோது, "லோடுமேன்னு எழுதும்மா, இதுல என்ன யோசன" என்றார்.

திருமணத்துக்குப் பிறகு அம்மாவோடு சபைக்குப் போய், ஆண்டவரை ஏற்றுக்கொண்டு ஞானஸ்நானம் பெற்றார். அதன் பிறகுதான் அந்த வழக்கம் தொடங்கியது. நற்செய்திக் கூட்டங்களின் முடிவில் பிரசங்கியார் எல்லாரையும் கண்மூடச் சொல்லி, இன்றைக்கு இயேசுவை ஏற்றுக்கொள்கிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்று அழைப்பார். முதன்முறையாக விசுவாசத்துக்குள் வருகிறவர்களுக்கான அழைப்பு அது. அப்பா ஒவ்வொரு கூட்டத்திலும் கையை உயர்த்தினார்.

அம்மாவின் அண்ணனான பெரிய மாமா சும்மா விடமாட்டார். "என்ன மச்சான், லைசென்ஸ் ரினிவல் பண்ணியாச்சா?"

"பண்ணிட்டேன் மச்சான். செல்லாமப் போயிட்டா என்னா பண்றது?"

வீடே சிரிக்கும். அப்பாவும் சிரிப்பார். ஷெட்டில் கோபத்தில் ஒரு கெட்ட வார்த்தை வாயில் வந்துவிட்டால் அன்று சாயங்காலம் அவர் முகம் செத்துக் கிடக்கும். ஞானஸ்நானம் எடுத்த மறு வருடம், கூட வேலை செய்தவர் இறந்த துக்கத்தில் ஒரே ஒருநாள் குடித்துவிட்டார். அதைக் கடைசிவரை மறக்கவில்லை. இரட்சிப்பு ஒவ்வொரு தவறிலும் தன்னைவிட்டுப் போய்விடுகிறது என்று அவர் நினைத்தார் என்பது எங்கள் யாருக்கும் புரியவில்லை.

நான் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது சிதம்பரத்தில் ஒரு பெரிய கூட்டம் நடந்தது. அப்பா வேலை முடிந்து, அதே காக்கிச் சட்டையோடு ரயிலில் வந்துவிட்டார். என் விடுதித் தோழிகளும் எங்களோடு உட்கார்ந்திருந்தார்கள். அழைப்பு வந்தது. அப்பாவின் கை எழுந்தது. தோழி ஒருத்தி கண் திறந்து பார்ப்பதை நான் பார்த்தேன். அப்பாவின் முழங்கையைப் பிடித்துக் கீழே இழுத்தேன்.

"எத்தினி தடவப்பா? கைய எறக்குங்க."

அப்பா இறக்கிக்கொண்டார். ஸ்டேஷனுக்கு நடக்கும்போது மெதுவாகக் கேட்டார்: "உன் சிநேகிதப் புள்ளைங்க பாத்துட்டாங்களாம்மா?"

நான் அவருக்கு உபதேசம் சொன்னேன். ஒருமுறை மெய்யாக ஏற்றுக்கொண்டவரை ஆண்டவர் கைவிடுவதில்லை, திரும்பத் திரும்பக் கை தூக்குவது அவிசுவாசம் என்று படித்தவள் தொனியில் சொன்னேன். சொன்னதில் முதல் பாதி சரியானது. அதன் பிறகு அப்பா எந்தக் கூட்டத்திலும் கையை உயர்த்தவில்லை. அவருக்கு இரட்சிப்பின் நிச்சயம், ஆண்டவர் தன்னைக் கைவிடமாட்டார் என்ற உறுதி, வந்துவிட்டது என்று நான் நம்பினேன். என் போதனையால் வந்தது என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

நுரையீரல் கெட்டு, கடலூர் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, ஒரு மத்தியானம் அம்மா சாப்பாடு எடுக்கப் போயிருந்தார். அப்பா என்னைக் கூப்பிட்டார்.

"அன்னிக்குச் சிதம்பரத்துல கைய பாதியில எறக்கிட்டன்ல. ஆண்டவர வேணாம்னு சொன்ன மாதிரி ஆயிருக்குமாம்மா?"

"நான்தானப்பா எறக்கினேன்."

"கை என்னுதுதான."

நான்கு வருடமாக இதை மனதில் வைத்துக்கொண்டு அவர் மூட்டை தூக்கியிருக்கிறார். எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். "நீங்க அவர புடிச்சிக்கிட்டிருக்கறதுல இல்லப்பா. அவருதான் உங்கள புடிச்சிக்கிட்டிருக்காரு."

"நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்."

அது என் படிப்புக்கு அவர் கொடுத்த மரியாதை. நிச்சயம் அல்ல. எனக்கு அழுகை வந்துவிட்டது. "அப்ப இப்பத் தூக்குங்கப்பா" என்றேன்.

"இப்ப யாரும் கூப்புடலியேம்மா."

வந்து அந்த அழைப்பைக் கொடுக்கச் சொல்லி உடனே போதகர் ஐயாவுக்குப் போன் செய்தேன். வெளியூர்க் கூட்டத்தில் இருந்த அவர், மறுநாள் விடியற்காலையிலேயே வந்துவிட்டார். அதற்குள் அப்பாவுக்கு நினைவு தப்பியிருந்தது. அன்று மாலை போய்விட்டார்.

துக்கத்துக்கு வந்த உங்களில் பலர், "சமாதானமாப் போனாரா?" என்று கேட்டீர்கள். நம் சபையார் கேட்கும் வழக்கம் அது. ஆமாம் என்று எல்லாரிடமும் சொன்னேன். அது உண்மையல்ல. அப்பா பயந்துகொண்டேதான் போனார். பயத்தோடு போனவரையும் ஆண்டவர் தள்ளமாட்டார் என்று விசுவாசிக்கிறேன். இந்த உபதேசமே அப்படிப்பட்டவர்களுக்காகத்தான் என்பது எனக்கு இப்போதுதான் புரிகிறது. உங்கள் பக்கத்தில் ஒருவர் பத்தாம் முறை கை தூக்கினாலும், தயவுசெய்து கண்ணை மூடிக்கொண்டிருங்கள்.

ஆஸ்பத்திரியில் முறைபோட்டு உடனிருந்த ஷெட் நண்பர்களுக்கும், அப்பாவுக்குச் சொந்தப் பிள்ளை போலப் பணிவிடை செய்த நர்ஸ் அக்காவுக்கும், அடக்க ஆராதனையை நடத்திய போதகர் ஐயாவுக்கும், எங்களுக்குச் சோறு ஆக்கிப்போட்ட தெருவாருக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம்.

இந்த மலரை அச்சிட அலைந்தவர் பெரிய மாமா. படத்துக்குக் கீழே பிறப்பு, இரட்சிப்பு, மறைவு என்று மூன்று நாட்கள் போடுவது சபை வழக்கம். இரண்டாவது இடத்தில், அப்பா முதன்முதலில் கை உயர்த்திய நாளை அம்மாவிடம் கேட்டுப் போட்டேன். அச்சகத்தில் அதைப் பார்த்த மாமா இந்த முறை கேலி செய்யவில்லை.

"இது நிச்சயந்தானாம்மா?"

"எனக்கு நிச்சயம் மாமா. அத அப்பாவுக்குக் குடுக்கத்தான் எனக்குத் தெரியல."