டாக்டரிடம் சொல்லாத பாகற்காய்ச் சாறு

ராஜபாளையத்தில் நானும் என் மனைவியும் பேண்டேஜ் துணித் தறி ஓட்டுகிறோம். எனக்குச் சர்க்கரை நோய். மாத்திரையோடு தினமும் யோகாவும் செய்வேன். சீக்கிரம் குறையட்டும் என்று, டாக்டரிடம் சொல்லாமல் பாகற்காய்ச் சாறும் குடித்தேன்.

ஒருநாள் மாத்திரை போட்டு, சாறு குடித்து, யோகாவும் முடித்துவிட்டு, சாப்பிடாமல் தறிக்குப் போனேன். வேர்த்துக் கொட்டிக் கை நடுங்கியது. ஓடுகிற தறிமேல் சாய இருந்தேன். பக்கத்துத் தறியிலிருந்த மனைவி என்னை இழுத்து உட்காரவைத்து, தன் டீயை நீட்டினாள்.

"சீனி போட்டதுல்லா?"

"வீம்பு பேசாம குடிங்க. சுகர் எறங்கிப்போச்சு."

பிழைத்தேன். ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர் திட்டிவிட்டு, சாற்றை நிறுத்தச் சொன்னார். யோகாவை விட வேண்டாம் என்றார். விடவில்லை. இப்போது சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. தறிக்காரர்கள் என்னிடம்தான் ஆசனம் பழகுகிறார்கள். வருகிறவனிடம் முதலில் கேட்பேன்: "குடிக்கிற கசாயத்த டாக்டர்ட்ட சொல்லிட்டியாலே?"