உறைந்த இலுப்பை

சித்திரை வெயிலிலும் ஸ்வெட்டர் போட்டிருந்த மனிதரை நான் பெரம்பலூரில்தான் பார்த்தேன். மரவிதைகளை உறையவைத்துப் பாதுகாக்கும் குளிரறைக்கு அவர் பொறுப்பாளர். உள்ளேயிருந்து வெளியே வந்தால் மூக்குக்கண்ணாடியில் பனி படர்ந்துவிடும். ஸ்வெட்டர் நுனியால் அதைத் துடைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பார்.

உடையார்பாளையம் பக்கம் எங்கள் ஊரில் மிஞ்சியிருந்த ஒரே இலுப்பையை ரோட்டுக்காக வெட்ட வந்தபோது நாங்கள் மறித்து நின்றோம். அவர்தான் வந்து சமாதானம் சொன்னார்.

"விதையக் குடுங்கம்மா. உள்ள தூங்கும். எப்ப எழுப்புனாலும் முளைக்கும்."

பை நிறையக் கொடுத்தோம். மரம் போனது.

மறு வருஷம், நடுவதற்கு விதை கேட்டுப் போனேன். கண்ணாடியில் பனியோடு வெளியே வந்து பையை நீட்டினார்.

"முளைக்காதுங்கம்மா. இலுப்பை குளிர் தாங்காது. உறைஞ்சா செத்துடும்."

"இது அப்பவே தெரியுமா?"

"தெரியும்."

"பின்ன ஏன் சார் வாங்குனீங்க?"

"வாங்கலன்னா மரத்த வெட்ட விட்டிருப்பீங்களா?"

குரலில் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை. பை என் கையில் சில்லென்று கனத்தது. அன்று மட்டும் அவர் கண்ணாடியைத் துடைக்கவே இல்லை. என் முகத்தைப் பார்க்க முடியாமலா, பார்க்கத் தேவையில்லை என்றா? இன்னும் எனக்குப் பிடிபடவில்லை.