மடியில் தேங்கிய மழை

"ஐப்பசி, வெள்ளி. டீச்சரம்மா மழைக்கோட்டு. மடி காஞ்சிருக்கு." நாளிதழ்த் தாள் ஒன்றின் ஓரத்தில் நீல மையில் எழுதிய இந்தக் குறிப்பு மச்சானுடைய கையெழுத்து. தாளின் மேற்பகுதி கிழிந்துவிட்டதால் அச்சிட்ட தேதியும் இல்லை. பஸ் டிக்கெட்டில்கூட தேதி பார்த்து எடுத்துவைக்கும் எனக்கு அது ஓர் உறுத்தல். போடிக்கு மேலே மலையில் இருக்கும் குரங்கணிப் பள்ளிக்கூடத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் ஆண்டு என்பது மட்டும் நிச்சயம். மச்சான் என்றால் என் அக்காவின் கணவர். போடியில் ஓர் ஏலக்காய் ஸ்டோரில் தரம் பிரிப்பவர். மாதிரிப் பொட்டலம் ஒவ்வொன்றின் மேலும் ஒரு வரி எழுதிவைப்பது அவர்கள் தொழில் வழக்கம். அந்தப் பழக்கத்தில்தான் இதையும் எழுதியிருக்கிறார்.

முதல் ஆண்டு ஐப்பசி மழையில் போடி வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் போய்வந்து, நெஞ்சில் சளி கட்டி, ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அம்மா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். இன்னொரு தடவை நனைந்து வந்து நின்றால் வேலையும் வேண்டாம், வண்டியும் வேண்டாம். பஸ் நேரம் பள்ளிக்கூட நேரத்துக்கு ஒத்துவராது. எனக்கோ அந்த வேலையை விட மனமில்லை. எங்கள் குடும்பத்தில் சம்பளம் வாங்கிய முதல் பெண் நான். அடுத்த மழைக்காலம் நெருங்கியபோது எனக்காகப் பேசியவர் மச்சான் ஒருவர்தான். "நனைஞ்சாத்தானே மாமி வம்பு? நனையாம அனுப்புறது என் சோலி" என்றார். அம்மா அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டார். மறுக்கவில்லை என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம்.

கடைவீதியில் மழைக்கோட்டு விற்கும் கடைக்கு என்னோடு வந்தார். தலைவழியாகப் போட்டுக்கொள்ளும் போர்வை மாதிரியான கோட்டை முதலிலேயே தள்ளினார். மலையடிவாரத்து முந்தலைத் தாண்டினால் காற்று அதைக் குடை மாதிரி விரித்துவிடும் என்றார். அது சரிதான். பிறகு சட்டையும் பேன்டுமாக இருந்தவற்றை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் வைத்து, கண்ணை மூடித் தூக்கிப் பார்த்தார். ஏலக்காயில் கனம்தான் தரம். ஒரு லிட்டர் அளவுக் குவளையில் எது அதிக எடை நிற்கிறதோ அதற்குத்தான் விலை. கடைக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மச்சான் விடவில்லை. இருப்பதிலேயே கனமான கோட்டை எடுத்து, "இதுதான் முதல் தரம்" என்று என் கையில் வைத்தார்.

முதல் மழையிலேயே முதல் தரம் என்னைக் கைவிட்டது. நடந்து போகிறவருக்கு மழை வழிந்து போய்விடும். ஸ்கூட்டரில் உட்கார்ந்து போகிறவருக்கு மடி ஒரு குட்டை. பெய்வதெல்லாம் அங்கேதான் வந்து தேங்கும். தேங்கிய தண்ணீர் தையல் துளைகள் வழியே ஊறி, ஊருக்குள் நுழையும்போது என் சுடிதார் இடுப்புவரை நனைந்திருந்தது. அம்மா கண்ணில் படாமல் நேரே அக்கா வீட்டுக்குப் போய் உடை மாற்றினேன். மச்சான் கோட்டை உட்புறம் வெளியே வரத் திருப்பி விளக்கு வெளிச்சத்தில் பிடித்தார். தையல் நெடுக ஊசித்துளைகள் மின்னின. ஒரு துளையில் நகத்தை வைத்துப் பார்த்தார். பிறகு சிரித்தார். "கோட்டை ஏலக்காயா நெனச்சு வாங்கிட்டேன் டீச்சரம்மா."

அடுத்த வெள்ளிக்கிழமை வானம் மூடிக்கிடந்தது, மழை இறங்கவில்லை. ஸ்கூட்டர் வேண்டும் என்று காலையிலேயே மச்சான் கேட்டிருந்தார். அதனால் குரங்கணியிலிருந்து ஜீப்பில் வந்து கடைவீதியில் இறங்கினேன். மழைக்கோட்டுக் கடை முன்னால் கூட்டம். நடுவில் என் வண்டி. அதன்மேல் ஜும்மாவுக்குப் போய்வந்த வெள்ளைத் தொப்பியோடு, மழைக்கோட்டும் பேன்டும் மாட்டிக்கொண்டு மச்சான். கடைக்காரர் தண்ணீர் வாளியோடு தயங்கி நின்றார்.

"போதும் பாய். பாக்குறவுக என்னையத்தான் ஏசுவாக."

"ஊத்துங்கண்ணே. ஊரே பாக்குது, ஒங்களுக்கு ஏவாரம்தான்."

"மாப்பிள்ளைக்கு நலங்கு வைக்கிறாகளா?" என்று டீக்கடைப் பக்கமிருந்து ஒரு குரல். வாளி மடியில் கவிழ்ந்தது. மச்சான் அசையவில்லை. மழையில் முந்தல் வரை போகும் நேரம் இருக்கும், அப்படியே உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, பேன்டைக் கழற்றி, உள்ளே மடியில் விரித்திருந்த நாளிதழ்த் தாளை எடுத்துத் தடவிப் பார்த்தார். முகர்ந்தும் பார்த்தார். என்னிடம் நீட்டினார். முறுமுறுப்பாகக் காய்ந்திருந்தது.

அந்தக் கோட்டு கையில் எடுத்தால் எடையே தெரியாது; விலையும் பழையதைவிடக் குறைவு. ஆனால் உட்புறம் தையல் நெடுக ஒரு பட்டை ஒட்டியிருந்தது. ஜிப்பின்மேல் இரட்டை மடிப்பு. உடுப்புக்கு மேல் போட ஓரளவு பெரியதாக வாங்கிக்கொண்டோம். அந்த ஐப்பசி முழுவதும், வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா என் சுடிதார் ஓரத்தைத் தொட்டுப் பார்ப்பார். கார்த்திகை பிறந்தபோது தொடுவதை நிறுத்திவிட்டார். நான் இன்றுவரை வேலையில் இருக்கிறேன்.

இப்போது என்னிடம் இருப்பது மூன்றாவது கோட்டு. வாங்குமுன் தையலைத்தான் பார்க்கிறேன். கண் மங்கியதால் மச்சான் தரம் பிரிப்பதை விட்டுவிட்டார். போன வாரம் அந்தத் தாளை எடுத்துப் போய், அன்றைக்கு எத்தனை கோட்டு சோதித்தீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணுதான். மொதக் கோட்டே தேறிருச்சு" என்றார். தேறியது நான்காவது இருக்கும் என்கிறார் கடைக்காரர். அக்கா எண்ணிக்கை சொல்லவில்லை. அன்று மச்சான் வீட்டுக்கு வந்து சட்டையை முறுக்கிப் பிழிந்ததையும், அடுத்த வாரமெல்லாம் தும்மியதையும், கேட்டதற்கு ஸ்டோர் தூசி என்று சொன்னதையும் சொன்னாள்.

என்னிடம் இருப்பது காய்ந்த தாள் ஒன்று மட்டுமே. நனைந்த தாள் எதையும் அவர் எடுத்துவைக்கவில்லை. நான் நனையாமல் இருக்க மச்சான் அன்று எத்தனை முறை நனைந்தார் என்பது இதுவரை உறுதியாகவில்லை.