சின்னவர் அறையைக் கலைக்கிறவள்

வீட்டில் கலைந்து கிடப்பதை எடுத்து அடுக்குவாள். வேலைக்குப் போன இடத்தில் அடுக்கி இருப்பதைக் கலைத்துப் போடுவாள். சம்பளம் என்னவோ இரண்டாவதற்குத்தான். முதலாவதற்கு யார் கொடுக்கப்போகிறார்கள்?

“கலைக்கிறதுக்கு ஒரு வேலையா? என் பிள்ளைங்களை அனுப்பறேன், சும்மாவே செஞ்சு குடுப்பாங்க” என்று பக்கத்து வீட்டுக்காரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளைச் சொல்லி என்ன செய்வது? கேட்டவர்கள் எல்லாருமே அப்படித்தான் சிரித்தார்கள்.

விஷயம் இதுதான். நட்சத்திரங்கள் எவ்வளவு தூரத்தில் இருக்கின்றன என்று கணக்குப் போட்டுச் சொன்ன ஒரு பெரிய மேதை, பன்னிரண்டு வயது வரை வளர்ந்த வீடு அது. அவர் போய்ச் சேர்ந்து பல வருடம் ஆகிவிட்டது. ஓர் அறக்கட்டளை அந்த வீட்டை வாங்கி, விழுந்த சுவர்களை எடுத்துக் கட்டி, அருங்காட்சியகம் ஆக்கியது. கண்ணாடிப் பெட்டி, கயிற்று வேலி எதுவும் கிடையாது. வருகிறவர்கள் கட்டிலில் உட்காரலாம், புத்தகத்தைப் புரட்டலாம். சமையலறைப் பக்கம் போனால் ஒரு சின்ன இயந்திரம் விறகுப் புகை வாசனையை விடும். மாடி அறையின் கூரையில் நட்சத்திரங்கள் நகரும். ஏழு நிமிடத்துக்கு ஒரு முறை சுவருக்குள்ளிருந்து ஓர் அம்மாவின் குரல், “எழுந்திருடா, நேரமாச்சு!” என்று கூப்பிடும். சின்னவர் இப்போதுதான் எழுந்து, போட்டது போட்டபடி பள்ளிக்கூடத்துக்கு ஓடியிருக்கிறார். அந்த நிமிடம் நாம் அவர் அறைக்குள் நுழைகிறோம். அதுதான் ஏற்பாடு. அந்த வீட்டில் பன்னிரண்டு வயதைத் தாண்டாதவர் என்பதால் அங்கே வேலை செய்கிறவர்கள் மேதையைச் ‘சின்னவர்’ என்றே சொன்னார்கள்.

அந்த ‘போட்டது போட்டபடி’யைப் போடுவதுதான் இவள் வேலை. பிளாஸ்டிக் உறை போட்ட ஓர் அட்டை கொடுத்திருந்தார்கள். தலையணை எங்கே, போர்வை கட்டிலிலிருந்து எவ்வளவு தொங்க வேண்டும், எந்தச் செருப்பு கவிழ்ந்திருக்க வேண்டும் எல்லாம் அதில் படத்தோடு இருக்கும். கசக்கி எறிந்த தாள் பதினொன்று. பன்னிரண்டு இருந்தால் மேலாளர் மேடம் கண்டுபிடித்துவிடுவாள்.

இதில் பெரிய தொல்லை வருகிறவர்கள்தான். பிள்ளைகள் எதையும் கெடுக்கமாட்டார்கள். கூட வருகிற தாய்மார்கள்தான்! கூரையில் நட்சத்திரம் ஓடும்போது எல்லாரும் அண்ணாந்து பார்ப்பார்கள். அந்தத் தாய்மார்களின் கை மட்டும் கீழே போர்வையை இழுத்து நீவிக்கொண்டிருக்கும். ஒரு கூட்டம் இறங்கிப் போனதும் மேலே ஏறிப் பார்த்தால் செருப்பு ஜோடியாக இருக்கும். மறுபடி ஒன்றைக் கவிழ்த்துப் போடுவாள். ஒரு நாளைக்கு எட்டுக் கூட்டம்.

“என்னக்கா, சின்னவர் எழுந்தாச்சா?” என்று வாசல் காவலாளி மீசைக்காரர் தினமும் கேட்பார்.

“எழுந்தாச்சு, ஓடியாச்சு. நான்தான் இன்னும் தூங்கவே இல்ல” என்பாள்.

அது வேடிக்கைக்குச் சொன்னதில்லை. இங்கே ஐந்து மணிக்கு முடித்தால், ஆறிலிருந்து ஒன்பது வரை ஒரு பல் மருத்துவமனையில் தரை துடைக்கும் வேலை. புருஷன் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். எந்தக் கட்டடத்தில் எந்த மாடியில் தொங்கிக்கொண்டிருப்பார் என்று அவருக்கே தெரியாது. வீட்டில் பதினைந்து வயது மகளும் பதினொரு வயது மகனும். அந்த மாதத்தில் மட்டும் மகளின் பள்ளியிலிருந்து, தாமதமாக வருகிறாள் என்று இரண்டு முறை சீட்டு வந்திருந்தது. “காலங்கார்த்தால அப்படி என்னடி பண்றே? கண்ணாடி முன்னாடி நிக்கிறியா?” என்று இவள் கத்தினாள். மகள் வாயே திறக்கவில்லை. இவளுக்கு அதற்கு மேல் கேட்கத் தெம்பும் இல்லை.

இரண்டு வருடமாகத் தற்காலிக வேலை. நிரந்தரம் ஆனால் மருத்துவமனையை விட்டுவிடலாம். சாயங்காலம் வீட்டுக்கு வந்து, வெளிச்சம் இருக்கும்போதே காலை நீட்டிப் படுக்கலாம். அவள் கேட்டது அவ்வளவுதான். பெரிய ஆசை ஒன்றுமில்லை.

அதற்கு ஒரு நாளும் குறித்தாகிவிட்டது. மேதையின் தங்கைக்கு இப்போது எண்பத்துநான்கு வயது; ‘தங்கை அம்மா’ என்றுதான் அங்கே எல்லாரும் சொல்வார்கள். திறப்பு விழாவுக்கு வந்தபோது மாடி அறையைப் பார்த்தார், பத்தே நிமிடத்தில் காரில் ஏறிப் போய்விட்டார். ஏன் என்று சொல்லவில்லை. அண்ணனின் பழைய நோட்டுப் புத்தகங்கள் அவரிடம்தான் இருந்தன. எத்தனை முறை ஆள் அனுப்பியும் கொடுக்கவில்லை. அறக்கட்டளைக்காரர்கள் காலில் விழாத குறையாகக் கேட்டதில், இப்போது இன்னொரு முறை வரச் சம்மதித்திருந்தார். கூடவே அறக்கட்டளைச் செயலாளரும் வருகிறார்.

“அந்த அறை அட்டையில இருக்கிற மாதிரி அச்சு அசலா இருக்கணும்” என்றாள் மேலாளர் மேடம். “எல்லாம் நல்லபடியா முடிஞ்சா அன்னிக்கே உங்க பர்மனென்ட் ஆர்டர்ல கையெழுத்து வாங்கிடறேன். சொதப்பிடாதீங்க, ப்ளீஸ்.”

அந்த நாள் காலை அவள் எழுந்தபோதே உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. முந்தின நாள் மருத்துவமனையில் தண்ணீர்க் குழாய் உடைந்து, மூன்று அறையிலும் தேங்கிய தண்ணீரை வாரிக் கொட்டிவிட்டு வந்திருந்தாள். காலையில் மகனுடைய காலுறை ஒன்று காணோம் என்று ஒரு கலாட்டா. பேருந்தில் நின்றபடியே தூங்கினாள். எட்டரைக்கு மாடி ஏறினாள். முந்தின நாள் கடைசிக் கூட்டத்தை மீசைக்காரர்தான் பார்த்துக்கொண்டார். அறை தாறுமாறாகக் கிடந்தது.

பிறகு அவளுக்கு ஒன்றும் நினைவில்லை. தூங்கவும் இல்லை, விழித்திருக்கவும் இல்லை. கை பாட்டுக்கு வேலை செய்தது.

“எழுந்திருடா, நேரமாச்சு!” என்று சுவர் கூப்பிட்டபோதுதான் திடுக்கிட்டாள். விரிப்பு சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகியிருந்தது. போர்வை நான்காக மடித்துத் தலையணை மேல் இருந்தது. மைக்கூடு மூடியிருந்தது. பதினொரு தாளையும் பிரித்து, நீவி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, மேலே ஒரு புத்தகம்கூட வைத்திருந்தாள். கட்டிலுக்கு அடியில் செருப்பு ஜோடியாக இருந்தது.

“அடப்பாவி” என்றாள், தன்னைத்தானே. மாடிப்படியில் ஊன்றுகோல் சத்தம் கேட்டது. போர்வையைப் பிடித்து இழுப்பதற்குள் எல்லாரும் உள்ளே வந்துவிட்டார்கள்.

முன்னால் தங்கை அம்மா. பின்னால் செயலாளர், கையைப் பின்னால் கட்டியபடி. கடைசியில் மேலாளர் மேடம். அவள் முகத்தில் ஈயாடவில்லை. சரி, தொலைந்தது, இன்னும் பத்து வருடத்துக்குத் தரை துடைக்க வேண்டியதுதான் என்று இவள் சுவரோடு ஒட்டி நின்றாள்.

கிழவி அறையைச் சுற்றிப் பார்த்தார். கட்டிலருகே போய் உட்கார்ந்தார். பிறகு போர்வையை எடுத்து மடியில் வைத்துப் பிரித்தார்.

“யாரு மடிச்சது?”

“நான்தாம்மா” என்றாள் இவள். “தெரியாம பண்ணிட்டேன். கலைச்சுதான் வெக்கணும், அதுதான் என் வேலை. தூக்கக் கலக்கத்துல கை அதுபாட்டுக்குச் செஞ்சிடுச்சு. மன்னிச்சிடுங்க.”

“நாலா மடிச்சிருக்கே. நாலா மடிச்சா தடிச்சுப்போய், அப்போ நாங்க வெச்சிருந்த பெட்டிக்குள்ள அடங்காது. மூணா மடிக்கணும்.” மூன்றாக மடித்துக் காட்டினார். “இந்த ரூம் இப்பதான் ரூம் மாதிரி இருக்கு. போன தடவை வந்தப்போ எனக்கு அடிவயிறே பத்திக்கிட்டு வந்துச்சு. அவன் கலைச்சதை எல்லாம் ஒண்ணு விடாம எடுத்துக் காட்சிக்கு வெச்சிருக்கீங்க. நான் மடிச்சது எங்கேய்யா?”

செயலாளர் கட்டியிருந்த கையைப் பிரித்தார்.

“அவன் எல்லாத்தையும் போட்டுட்டு ஓடுவான். நான் எடுத்து வெச்சிட்டுப் போகணும். ரெண்டு பேருக்கும் பள்ளிக்கூடம் ஒரே மணிக்குத்தான். அவன் ஒரு நாளும் லேட்டாப் போனதில்ல. நான் ஒரு நாளும் நேரத்துக்குப் போனதில்ல. ‘இவளுக்குப் படிப்புல அக்கறை இல்ல’ன்னு என்னை அஞ்சாவதோட நிறுத்திட்டாங்க. நானும் நல்லாத்தான் கணக்குப் போட்டேன்.”

அண்ணன் மேல் கோபமா என்று செயலாளர் மெதுவாகக் கேட்டார்.

“ரொம்ப வருஷம் இருந்துச்சு. இப்போ கோபப்படவும் தெம்பு இல்ல.”

மேலே நட்சத்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. யாரும் அண்ணாந்து பார்க்கவில்லை. சுவரோரம் நின்றவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கிழவிக்காக என்றுதான் முதலில் நினைத்தாள். அப்புறம்தான் அந்த இரண்டு சீட்டும், வாயே திறக்காத மகளின் முகமும் கண் முன்னால் வந்தன. தான் காலையில் பேருந்து பிடிக்க ஓடிய பிறகு மகன் இறைத்துப் போட்டதையெல்லாம் யார் எடுத்து வைக்கிறார்கள் என்று அவள் இதுவரை ஒரு நாளும் கேட்டதில்லை. ராத்திரி வரும்போது வீடு சுத்தமாக இருக்கும். அதைப் பார்த்து, அப்பாடா என்று படுத்திருக்கிறாள். அவ்வளவுதான்.

செயலாளர் நெகிழ்ந்துதான் போனார். ஆனால் செயலாளர் நெகிழ்ந்தாலும் செயலாளர்தானே. “அருமை! இதையே காட்சியா வெச்சிடலாம். முதல்ல கலைஞ்ச அறை. அப்புறம் இவங்க தங்கையா வந்து, எல்லார் முன்னாடியும் அடுக்குவாங்க. ஒவ்வொரு கூட்டத்துக்கும்” என்றார். கிழவியின் குரலையும் பதிவு செய்துகொள்ளலாமா என்று கேட்டார்.

“நான் செஞ்சது போதும்” என்றார் கிழவி. நோட்டுப் புத்தகங்களை அனுப்பி வைப்பதாக மட்டும் சொன்னார். படியிறங்கும்போது இவள் தோளைப் பிடித்துக்கொண்டார். மீசைக்காரர் கார்க் கதவைத் திறந்துவிட்டார்.

மத்தியானமே ஆர்டர் கைக்கு வந்தது. நிரந்தரம். இனி ஒரு நாளைக்கு எட்டு முறை கலைத்து, எட்டு முறை அடுக்க வேண்டும். “உங்களுக்கு ராஜயோகம்தான் போங்க” என்றாள் மேலாளர் மேடம். இவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஐந்து மணிக்கு மருத்துவமனைக்குப் போன் செய்து, இனிமேல் வரமாட்டேன் என்று சொன்னாள். அதைச் சொல்வதற்காக இரண்டு வருடமாகக் காத்திருந்தவள்தான். ஆனாலும் சொன்னபோது நினைத்த சந்தோஷம் வரவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது ஜன்னலில் வெளிச்சம் இருந்தது. மகன் அப்போதுதான் வந்திருந்தான். வாசலிலிருந்து கட்டில் வரைக்கும் ஒரே வரிசையாகப் பை, ஒரு காலுறை, சட்டை, தண்ணீர்ப் பாட்டில், இன்னொரு காலுறை. அவன் போன வழியைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம். மகள் குனிந்து சட்டையை எடுத்துக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கம் பார்க்காமல், முகத்தில் ஒன்றுமில்லாமல் எடுத்தாள். கை பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருந்தது.

“அதைக் கீழே போடு” என்றாள் அம்மா.

“என்னம்மா, இந்த நேரத்துல வந்துட்டே? உடம்பு சரியில்லையா?”

“எனக்கு ஒண்ணுமில்ல. கீழே போடுன்னு சொன்னேனில்ல? எடுத்த இடத்துலயே போடு.”

மகள் போட்டாள். மகன் கட்டிலிலிருந்து தலையைத் தூக்கினான்.

“அப்போ அதை யார் எடுப்பா?” என்று கேட்டான். திமிராகக் கேட்கவில்லை, பாவம், அவனுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

“நீதான். எழுந்திரு” என்றாள் அம்மா. பிறகு மகளிடம் திரும்பினாள். “நாளைக்கு உன் ஸ்கூலுக்கு நான் வரேன். ஏன் லேட்டுன்னு நானே அவங்ககிட்ட சொல்றேன். அன்னிக்கு உன்கிட்ட கத்தினேன் பாரு, அது தப்பு.”

மகன் முனகிக்கொண்டே குனிந்து முதல் காலுறையை எடுத்தான். மகள் நடு அறையில், வெறும் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றாள்.