ஹம்னாவின் பூச்சிக் கணக்கு

நீர்வரத்துக்கு முதுகைக் கொடுத்து, முன்னால் வலையை ஊன்றிக்கொண்டு, ஹம்னா குதிகாலால் ஓடையின் சரளையைக் கிளறுகிறாள். பர்தாவை முழங்கால்வரை சுருட்டிச் செருகியிருக்கிறாள். உள்ளே கணவனின் பழைய டிராக் பேன்ட், காலில் ரப்பர் பூட்ஸ். சாரல் விழுந்துகொண்டிருக்கிறது. கரைப் பாறையில் குடையோடு உட்கார்ந்திருக்கும் மாமியார் ஹைருன் பீவிக்கு இந்தக் காட்சி பழகிவிட்டது. அலுத்துக்கொள்வது மட்டும் நிற்கவில்லை.

“ஊரே அருவில குளிக்க வருது. எம் மருமவ பூச்சிய வாரிட்டு நிக்கா. மீனாச்சும் புடிச்சா கொளம்பு வைக்கலாம்லா?”

“மீனு வந்தா ஒங்களுக்குத்தான் மாமி.”

“வரும் வரும். நீ நிக்க நிலையப் பாத்தா மீனு பயந்து செங்கோட்டைக்குப் போயிரும்.”

ஹம்னா சுற்றுச்சூழல் அறிவியலில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். சீசனில் குற்றாலத்துக்கு வருகிற கூட்டம் தேய்த்துக் குளிக்கும் சோப்பும் ஷாம்பூவும் அருவிக்குக் கீழே ஓடையில் இறங்கும்போது, அங்கே கல்லுக்கடியில் குடியிருக்கிற பூச்சிகளுக்கு என்ன ஆகிறது என்பதுதான் ஆய்வு. கூட்டம் குளிக்கும் இடத்துக்கு மேலே ஓரிடம், கீழே ஓரிடம். சீசனிலும் பூச்சி எடுக்க வேண்டும், சீசன் இல்லாதபோதும் எடுக்க வேண்டும். கல்யாணத்துக்கு முன்பே தொடங்கிய வேலை. நிக்காஹ் முடிந்த சில வாரங்களில் சுஹைப் ஷார்ஜாவுக்குத் திரும்பிவிட்டான். ஆய்வு முடிந்ததும் அவளும் அங்கே போவதாகப் பேச்சு.

வலையில் சேர்ந்ததை வெள்ளைத் தட்டில் கவிழ்ப்பாள். மக்கிய இலை, மணல், சுள்ளி. பார்க்கிறவருக்கு அது குப்பை. ஹம்னா தட்டை அசையாமல் பிடித்துக்கொண்டு காத்திருப்பாள். கொஞ்ச நேரத்தில் குப்பை நடக்கத் தொடங்கும். மணல்துணுக்கு என்று நினைத்தது கால் நீட்டும். இலைநரம்பு என்று நினைத்தது வாலை ஆட்டும். முதல் தடவை பார்க்கிறவர்கள் தட்டின்மேல் இன்னும் குனிவார்கள்.

அவற்றின் லத்தீன் பெயர்களெல்லாம் அவளுக்கு மனப்பாடம். வாயில் வருவதென்னவோ அவளே வைத்த பெயர்கள். தட்டையாகக் கல்லில் ஒட்டிக்கொண்டு மூன்று வால் வைத்திருப்பது ‘மூணுவாலு’. அழுக்குத் தண்ணீரிலும் கூசாமல் பெருகுகிற சிவப்புப் புழு ‘செவப்பி’. மணலைப் பொறுக்கி, வாயிலிருந்து வரும் நூலால் ஒட்டி, தன் உடம்பைச் சுற்றிக் குழாய்போல் கல்வீடு கட்டிக்கொள்ளும் புழுவுக்கு ‘கொத்தனார்’ என்று பெயர். “சிமிண்டு கெடையாது, செங்கல் கெடையாது. வீட்டத் தூக்கிட்டே நடக்காரு பாருங்க” என்று காட்டுவாள். அரிசிமணி நீளம்தான் இருக்கும் அந்த வீடு. பக்கத்துப் பக்கத்துக் கற்கள் அளவு பார்த்து எடுத்ததுபோல் பொருந்தியிருக்கும். இத்தனை நாள் பார்த்தும், ஒவ்வொரு கொத்தனாரையும் இடுக்கியால் எடுக்கும்போது ஹம்னா ஒருமுறை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்காமல் விடுவதில்லை.

எடுத்தது அழுகிப்போகாமலிருக்க, ஸ்பிரிட் ஊற்றிய சிறு பாட்டில்களில் போட்டு வைக்க வேண்டும். பிறகுதான் நுண்ணோக்கியில் பார்த்து எண்ணுவது. போன வருஷ சீசன் பாட்டில்கள் மேலகரத்து வீட்டில், அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தன. ஆஸ்பத்திரி வாடை அடிக்கிறது, ஏதோ மருந்து என்றுதான் ஹைருன் பீவி நினைத்திருந்தாள். நபிகள் புகழ்பாடும் மவ்லிது ஓத ஆட்கள் வருகிற நாளில் வீட்டை ஒழுங்குபடுத்த வந்தவன் அவளுடைய தங்கை மகன் யஹ்யா. ஆட்டோ ஓட்டுகிறான். அண்ணன் மனைவியான ஹம்னா அவனுக்கு ‘மைனி’. ஒரு பாட்டிலை எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்தான். “பெரியம்மா, ஆல்கஹால்னு போட்டிருக்கு. மைனி வீட்டுக்குள்ளயே கடை வச்சிருக்காவ.”

ஹம்னா அந்த வாரம் திருநெல்வேலியில், கல்லூரியில் இருந்தாள். ஹைருன் பீவி எதையும் தூக்கி எறியவில்லை. மருமகள் மழையில் நின்று சேர்த்தது என்று அவளுக்குத் தெரியும். ஒவ்வொரு பாட்டிலையும் வெள்ளை மல் துணியில் வடிகட்டி, ஒரு பூச்சிகூடத் தவறாமல் எடுத்து வைத்து, பாட்டிலை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவி, கிணற்றுத் தண்ணீரை ஊற்றி, அததை அததில் திரும்பப் போட்டு மூடினாள். ஹம்னா வந்ததும் அதைச் சொல்லவும் செய்தாள். “தண்ணிப் பூச்சிக்குத் தண்ணிதான ஊத்தணும்? சாராயத்துல கெடந்தா அது என்ன பாடுபடும்? ஒண்ணு விடாம இருக்கு, எண்ணிக்கோ.”

ஹம்னா மூடியைத் திறந்தாள். நாற்றம் வந்தது. மூணுவாலுகள் கரைந்து கலங்கலாகியிருந்தன. செவப்பி இருந்த தடமே இல்லை. கொத்தனார்களின் வீடுகள் மட்டும் ஒரு கல் பெயராமல் கிடந்தன. உள்ளே இருந்தவர்தான் இல்லை.

“பாத்தியா, சுத்தமா இருக்குல்லா?” என்றாள் மாமியார்.

“இருக்கு மாமி” என்றாள் ஹம்னா.

மறுநாள் மாடி வெயிலில் உட்கார்ந்து கல்வீடுகளை ஒவ்வொன்றாகத் தட்டில் வரிசைப்படுத்தினாள். வெறும் வீட்டைக் கணக்கில் சேர்க்க முடியாது. ஓடையிலிருந்து எடுக்கும்போதே காலியாகக் கிடந்ததா, பாட்டிலில் காலியானதா, யார் சொல்வது? கூடப் படிக்கிற சுகந்தியிடம் போனில் சொன்னபோது அவளுக்குப் பதறிவிட்டது. அந்த சீசன் கணக்கு இல்லையென்றால் ஆய்வேட்டைக் கொடுக்க முடியாது. அடுத்த சீசன்வரை காத்திருக்க வேண்டும்.

“ஏட்டி, முந்தின வருஷ நம்பர அங்கன இங்கன மாத்திப் போட்டிரு. யாரு வந்து புழுவ எண்ணப் போறா?”

“எனக்குத் தெரியும்லா” என்றாள் ஹம்னா.

“ஒனக்குத் தெரிஞ்சா என்ன?”



வழிகாட்டிப் பேராசிரியரிடம், பத்திரப்படுத்தியதில் தன் தவறு, மாதிரிகள் கெட்டுவிட்டன என்றாள். மற்ற மாணவர்கள் முன்னால் வைத்து அவர் திட்டியதையெல்லாம் நின்று கேட்டுக்கொண்டாள். சுஹைப் போனில், “இன்னும் ஒரு சீசனா?” என்று கேட்டான். “சரி, மழைக்கோட்டு புதுசா வாங்கிக்கோ. பழசு தோள்ல கிழிஞ்சிருக்கும்.” யார் கையால் கெட்டது என்று அவனிடமும் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே அவன் உம்மாவைக் கூப்பிட்டுக் கேட்பான் என்று அவளுக்குத் தெரியும்.

இப்போது பாட்டில்கள் வீட்டுக்கு வருவதில்லை. ஓடையிலிருந்து நேரே தென்காசி பஸ் ஸ்டாண்டு. பையை மடியில் வைத்துக்கொண்டு திருநெல்வேலிக்கு ஜன்னலோர சீட்டு. சொன்ன பேச்சைக் கேட்டு மருமகள் சாராயத்தை வீட்டைவிட்டு ஒழித்துவிட்டாள் என்று ஹைருன் பீவிக்கு உள்ளூரப் பெருமை.

இன்றைக்கு ஆட்டோவை ரோட்டில் நிறுத்திவிட்டு யஹ்யாவும் கரைக்கு இறங்கி வந்தான்.

“மைனி இன்னும் முடிக்கலையா பெரியம்மா? போன வருசமே டாக்டர் ஆயிருவாவன்னுல்லா சொன்னிய?”

“எங்க முடிக்கா! ஒரு பூச்சிய ஒம்பது தடவ பாக்கா. அன்னைக்கு நான் தண்ணி மாத்தி வைக்கலன்னா உள்ளதும் வீணாப் போயிருக்கும். இவளுக்கு அந்தச் சூட்டிகை பத்தாது. என்னட்டி, நாஞ் சொல்லுதது செரிதான?”

ஓடைக்கு நடுவில் குனிந்திருந்த ஹம்னாவின் கையில் ஒரு கல் இருந்தது. அடிப்பக்கத்தைப் பார்த்து முடித்திருந்தாள்.

“செரிதான் மாமி.”

கல்லைத் தண்ணீருக்குள் இறக்கினாள். பாசி படிந்த பக்கம் மேலே வரும்படி திருப்பி, அது கிடந்த பள்ளத்திலேயே பொருத்தி, ஆடாமல் அமரும்வரை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தாள்.